பார்வைக் கோடு

தரையிலிருந்து ஐந்தடி.
கண் அங்கேதான் வந்து நிற்கும் என்று படித்திருக்கிறேன்.
காலரை அந்த உயரத்தில் வை,
பளபளப்பை அதற்கு ஒரு சாண் கீழே,
விலையை எங்கேயும் வைக்காதே.

கமர்ஷியல் ஸ்ட்ரீட்டைத் தோண்டிப் போட்டு
நான்கு மாதம்.
கேபிளா சாக்கடையா என்பதற்குப் பதில்
ஆளுக்கு ஆள் மாறுகிறது.
கடைவாசலுக்கு ஒரு பலகை.
பலகைமேல் நடக்கிறவர்கள்
பலகையைத்தான் பார்க்கிறார்கள்.

ஆனாலும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஜன்னல் மாறவேண்டும்.
பெல்லியப்பா சாருக்கு விதி என்றால் விதிதான்.
இந்த முறை தலைப்பு: பனி பொழியும் காலை.
பனியைச் சிக்பேட்டையில் கிலோ கணக்கில் வாங்கினேன்.
தெருப்புழுதி கண்ணாடி இடுக்கில் புகுந்து
ஒரே நாளில் அதைப் பழுப்பாக்கிவிடும்.

ராத்திரி பத்தரைக்கு ஷட்டர் பாதி இறங்கியதும்
நானும் எலெக்ட்ரீஷியன் பர்வேஸும்
செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணாடிக்குள் ஏறினோம்.
மூன்று பொம்மைகள்.
ஒன்றுக்கு இடது கை வரவில்லை,
குடோனில் வேறெவளுக்கோ மாட்டிவிட்டார்கள்.
கையில்லாத தோளில் கோட்டைத் தொங்கவிட்டேன்,
ஸ்டைல் என்று நினைத்துக்கொள்வார்கள்.

முன்பக்கம் கச்சிதம்.
முதுகில் பதினேழு குண்டூசி, ஆறு கிளிப்.
ஒரு பக்கத்துக்கு மட்டும்
உண்மையாக இருக்கிற வேலை இது.

எதிர்ப்பக்கம் போய் நின்று பார்க்காமல்
ஜன்னலை முடிக்கக் கூடாது.
எதிர்ப்பக்கம் இல்லை.
குழி இருந்தது.

குழியில் மல்லவ்வா இருந்தாள்.
யாத்கிரிக்காரி, ராத்திரி ஷிஃப்ட்,
மஞ்சள் ஹெல்மெட், அதற்கடியில் ஈரத் துண்டு.
ஏணியைப் பிடித்துக்கொண்டாள், இறங்கினேன்.
"இல்லிந்த நோடி" என்றாள்.

அங்கிருந்து பார்த்தேன்.
ஷூவின் அடியில் உரிக்க மறந்த ஸ்டிக்கர்:
நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது.
கெண்டைக்காலில் நுழையும் இரும்புக் கம்பி.
பாவாடை உள்மடிப்பில்
அவசரத்துக்கு நான் போட்ட பச்சை நூல்.
பிறகு, மேலே, மூன்று முகவாய்கள்.
மூவரும் எங்கள் தலையைத் தாண்டி
பூட்டிக்கிடக்கும் எதிர்க்கடை போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒருத்திகூடக் கீழே பார்ப்பதில்லை,
என்று மல்லவ்வா சொன்னது குறையாக இல்லை.
நாலு மாதமாகக் கவனித்த ஒன்றைக்
கூட வேலை செய்கிறவளிடம் சொல்வதுபோல.

ஃபைபர் கழுத்து வளையாது.
பில் புத்தகத்தின் அட்டையை நான்காக மடித்து
அடித்தட்டின் பின்பக்கம் செருகினேன்.
விழுந்துவிடாமல் பர்வேஸ்
நைலான் நூலால் கூரையோடு இழுத்துக் கட்டினான்.
குழியிலிருந்து குரல் வந்தபடி இருந்தது.
இன்னும்.
இன்னும் கொஞ்சம்.
அய்யோ, அவ்வளவு வேண்டாம்.

மூன்றரை மணிக்கு
நடுவில் நிற்கிறவள் குழிக்குள் பார்த்தாள்.
மல்லவ்வா ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டாள்.
நான் போய் ஸ்டிக்கரை உரித்தேன்.

பத்தாம் நாள் குழியை மூடிவிட்டார்கள்.
கல் பாவிய தெரு, கூட்டம், பலூன்காரன்.
அடுத்த ஜன்னலுக்கு எனக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது.

நிற்கிறார்கள்.
பொம்மைகள் பார்க்கிற இடத்தைப் பார்க்கிறார்கள்.
எதையோ தவறவிட்டுவிட்டாள் போலிருக்கிறது.
நேற்று ஒருவர் குனிந்து
கல் இடுக்கில் விரல்விட்டுத் தேடினார்.
பிறகு உள்ளே வந்து ஒரு பெல்ட் வாங்கினார்.

பெல்லியப்பா சாரிடமிருந்து மெயில்:
எண்ணிக்கை ஏறியிருக்கிறது,
மற்றக் கிளைகளிலும் இதையே செய்யலாம்,
படத்தோடும் அளவுகளோடும் அனுப்பு,
கான்செப்டுக்கு என்ன பெயர்?

அட்டையின் தடிமனை அளந்து எழுதிவிட்டேன்.
நூல் எத்தனை மீட்டர் என்பதையும்.
பெயருக்கான கட்டத்தில்
கர்சர் மினுங்கிக்கொண்டிருக்கிறது.